அம்மாவுக்குத் தெரிந்த புளிப்பு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆப்பம்தான். டத்தோ கிராமாட் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் இரண்டு அறை வாடகை வீடு. அம்மா ஆப்பச்சட்டியை அடுப்பில் வைக்கும் சத்தத்தில்தான் நானும் தங்கையும் கண் விழிப்போம். மாவு பொங்குவதற்கு அம்மா அந்தக் காலத்தில் ஈஸ்ட் வாங்கியதில்லை. நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் இருந்த தாத்தாவைப் பார்க்க அப்பா சனிக்கிழமைதோறும் போவார். திரும்பும்போது ஒரு போத்தல் தென்னங்கள் வாங்கி வருவார். அரை கோப்பை மாவுக்கு. மீதி அப்பாவுக்கு.

பஸ் பிடித்து பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, பிறகு மறுபடியும் பஸ். போத்தலை இறுக மூடினால் வெடித்துவிடும் என்று அப்பா பேப்பரைச் சுருட்டி அடைத்திருப்பார். வீடு வந்து சேரும்போது நுரை கழுத்துவரை ஏறியிருக்கும். அம்மா போத்தலின் வாயை ஒரே ஒரு முறை முகர்ந்து பார்ப்பார். “இது காலையில இறக்கினது இல்ல. நேத்து சாயங்காலத்துக் கள்ளு. உங்களை ஏமாத்திட்டான்” என்பார். அப்பா சிரித்துக்கொண்டே தலையைச் சொறிவார்.

அப்பா கள்ளோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன். அவர் நிற்கவில்லை. லாரி ஓட்டும் வேலை, கையில் தினக்கூலி, மளிகைக் கடையிலேயே சின்னச் சின்ன போத்தலில் கிடைத்த மலிவான சம்சு. 2001-இல் கல்லீரல் கெட்டு அப்பா இறந்தபோது எனக்கு வயது 14. காரியம் முடிந்த அன்று அம்மா வீட்டிலிருந்த காலி போத்தல்களை எல்லாம் ஒரு சாக்கில் கட்டி வெளியே வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் ஆப்பம் ஈஸ்ட் ஆப்பமாகிவிட்டது. “நீ தொடக்கூடாது” என்று அம்மா என்னிடம் சத்தியம் எதுவும் வாங்கவில்லை. வாங்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கல்லூரியிலும், பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், நண்பர்கள் கூட்டத்தில் நான் எப்போதும் லைம் ஜூஸ்காரன்.

2018-இல் கம்பெனி என்னை மூன்று மாதப் பயிற்சிக்கு பெல்ஜியம் அனுப்பியது. லூவன் என்ற ஊர். சில்லுத் தொழில்நுட்பத்தில் உலக அளவில் பேர்போன ஐமெக் ஆராய்ச்சி நிலையம் அங்குதான் இருக்கிறது. உடன் வந்த சீன நண்பருக்கு பீர் என்றால் பாடம் படிப்பது மாதிரி. ஒரு சனிக்கிழமை, “நீ குடிக்கவேண்டாம், சும்மா வந்து பார். இது தொழிற்சாலை இல்லை, மியூசியம்” என்று பிரஸ்ஸல்ஸுக்கு இழுத்துப் போனார். ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மிடி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஆண்டர்லெக்ட் பகுதியில் இருக்கிறது கான்டியோன். 1900-இல் தொடங்கிய குடும்பத் தொழில். 1978 முதல் அருங்காட்சியகமாகவும் திறந்திருக்கிறது. அங்கே காய்ச்சுவது ‘லாம்பிக்’ என்ற புளிப்பு பீர். உள்ளே நுழைந்ததும் மூக்கில் அடித்த வாசனையில் என் கால் நின்றுவிட்டது. பழைய மரம், ஈரம், புளித்த மாவு. சனிக்கிழமை சாயங்காலத்து எங்கள் சமையலறை.

செய்முறையைக் கேட்டபோது இன்னும் ஆச்சரியம். முளைகட்டிய பார்லியோடு, முளைகட்டாத கோதுமையையும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவைக்கூடப் பழசாக்கித்தான் போடுகிறார்கள். அதனால் கசப்பு குறைந்துவிடும், கெடாமல் காக்கும் குணம் மட்டும் நிற்கும். காய்ச்சிய சாற்றை மாடியில் ஒரு பெரிய ஆழமில்லாத செம்புத் தொட்டியில் ஊற்றி, ஓர் இரவு முழுவதும் திறந்தே வைக்கிறார்கள். ஈஸ்ட் எதுவும் போடுவதில்லை. காற்றிலும் கட்டடத்திலும் பீப்பாய் மரத்திலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் வேலையைச் செய்கின்றன. வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் பெருகும் என்பதால் குளிர் மாதங்களில் மட்டுமே காய்ச்சுகிறார்கள். கூரையில் சிலந்தி வலையைக்கூடக் கலைப்பதில்லை. பழ ஈக்களைச் சிலந்தி பார்த்துக்கொள்ளுமாம்.

நம் கள்ளுக்கும் இதே கதைதானே? தென்னம்பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால், பாளையிலும் கலயத்திலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் உடனே இறங்கிவிடும். மரத்திலிருந்து இறக்கும் முன்பே புளிப்பு தொடங்கியிருக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் மட்டுமே அது இனிப்பான பதநீராக நிற்கும். வேறுபாடு நேரத்தில்தான். கள்ளுக்கு ஒரு நாள்தான் ஆயுள். காலையில் இனிப்பு, மத்தியானம் இனிப்பும் புளிப்பும், ராத்திரி வெறும் புளிப்பு, மறுநாள் காடி. லாம்பிக்கோ ஓக் மரப் பீப்பாயில் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை கிடக்கிறது.

அந்த மூன்று ஆண்டுகளில் என்ன நடக்கிறது என்று அங்கிருந்த வழிகாட்டி விளக்கினார். முதலில் சாதாரண ஈஸ்ட் சர்க்கரையைத் தின்கிறது. பிறகு ஒருவகை பாக்டீரியா தயிரில் இருப்பது போன்ற புளிப்பைக் கொண்டுவருகிறது. அந்தக் கட்டத்தில் பீர் எண்ணெய் போலக் கொழகொழப்பாகிவிடுவதும் உண்டு. அதை ‘நோய்’ என்றே சொல்கிறார்கள். யாரும் மருந்து போடுவதில்லை. பிரெட்டனோமைசிஸ் என்ற இன்னொரு ஈஸ்ட் மெதுவாக எழுந்து அந்தக் கொழகொழப்பைத் தின்று தெளியவைக்கும்வரை காத்திருக்கிறார்கள். 1904-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசன் என்பவர் உலகுக்குச் சொன்ன ஈஸ்ட் இது. ஆங்கிலேயரின் பீரில் கண்டதால் ‘பிரிட்டிஷ் காளான்’ என்ற பொருளில் பெயர் வைத்தார். கடைசியில் இளசு, நடுத்தரம், முதிர்ந்தது என்று வெவ்வேறு வயது பீப்பாய்களைக் கலந்து போத்தலில் அடைத்தால் அதற்குப் பெயர் ‘குயூஸ்’. இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை போத்தலுக்குள் மறுபடி பொங்கி நுரை தருகிறது.

சுற்றிப் பார்த்து முடித்ததும் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் குவளை வந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. 31 வயதில், 14 வயதுப் பையனின் பயத்தோடு எடுத்தேன்.

எப்படிச் சுவைப்பது என்று வழிகாட்டி சொல்லிக்கொடுத்தார். அவசரப்படக் கூடாது. முதலில் நிறம். பிறகு மூக்கு. பிறகு ஒரு சொட்டை நாக்கில் வைத்து வாய் முழுக்கப் பரவவிட வேண்டும். முதல் வாய் எப்போதும் பொய் சொல்லும், புளிப்பில் முகம் சுளிக்கும். மூன்றாவது வாயில்தான் உண்மை தெரியும். தயிர்ப் புளிப்பு வேறு, காடிப் புளிப்பு வேறு. முதலாவது நாக்கின் ஓரத்தில் உருண்டையாக நிற்கும். இரண்டாவது மூக்கில் குத்தும். குத்தினால் பீப்பாய்க்குள் காற்று அதிகம் போய்விட்டது என்று அர்த்தம். அதன் பின்னால் வரும் மாட்டுக்கொட்டகை வாசனை, பிரெட்டனோமைசிஸ் தந்த பரிசு.

பினாங்குக்காரனுக்கு இதில் பெரிய கஷ்டம் இல்லை. அசாம் லக்சாவின் புளிப்பு வேறு, அம்ரா ஜூஸின் புளிப்பு வேறு, அசாம் போயின் உப்புப் புளிப்பு வேறு என்று பிறந்ததிலிருந்தே நம் நாக்குக்குத் தெரியும். குவளையில் எனக்கு பொமெலோ தோலும், பச்சை மாங்காயும், நனைந்த சாக்கும் கிடைத்தன. சொன்னதும் வழிகாட்டி குறித்துக்கொண்டார். பாதிக் குவளை குடித்தேன். மீதியை வைத்துவிட்டேன். தலை சுற்றவில்லை. கண் மட்டும் கலங்கியது.

திரும்பும் ரயிலில் ஒரு கேள்வி விடவே இல்லை. கள்ளிலும் லாம்பிக்கிலும் போதை ஏறக்குறைய ஒன்றுதான், நாலைந்து சதவீதம். இரண்டும் காற்றை நம்பிப் பிறந்தவை. ஒன்றுக்கு மியூசியம். இன்னொன்றின் பேரைச் சொன்னாலே நம் வீடுகளில் தலை குனிவு. ஏன்?

கள்ளைக் குறை சொல்ல நம்மவர்களுக்குக் காரணம் இருந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடை வெறும் கடை இல்லை. காலையில் பால்மரம் வெட்டிச் சம்பாதித்ததைச் சாயங்காலம் தோட்டத்துக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்ற கோரிக்கையோடும், கள்ளுக்கடைகளை மூடு என்பதையும் சேர்த்தே கேட்டார்கள். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து போலீசோடு மோதினார்கள். பிற்காலத்தில் சம்சு வந்தபோது, பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் ஆண்டுக்கணக்கில் அதற்கு எதிராகக் குரல் கொடுத்தது. இவர்களெல்லாம் சண்டை போட்டது ருசியோடு அல்ல. குடிப்பவனுக்கு வேறு எதுவும் மிச்சம் வைக்காத ஏற்பாட்டோடு.

அது புரிந்தாலும் அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பினாங்கு திரும்பி இரண்டு வாரம் கழித்து, ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். செம்புத் தொட்டி, சிலந்தி, பாதிக் குவளை. அம்மா தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அங்க கத்துக் குடுத்தாங்களா, மூக்கால பாக்கணும்னு?”

“ஆமாம்மா.”

“எனக்கு யாரும் கத்துக் குடுக்கல.” குழாயை மூடினார். “உங்கப்பா ராத்திரி கதவுகிட்ட வந்து நிக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிடும். கள்ளு வாசம் வந்தா சோறு போடுவேன். சம்சு வாசம் வந்தா உங்க ரெண்டு பேரையும் பின்னால வழியா மாச்சிக் வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

எனக்கு அந்த ராத்திரிகள் நினைவுக்கு வந்தன. பக்கத்து வீட்டு மலாய்க்கார மாச்சிக் எங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்து டிவி போடுவார். எங்களுக்கு அது திருவிழா. ஏன் சில நாள் மட்டும் அந்தத் திருவிழா என்று நானும் தங்கையும் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

“ஒரு தடவையும் நீங்க சொல்லலியே!”

“சொல்லி என்ன ஆகப்போகுது? அவரு நல்ல மனுசன்தான். குடிச்சதுதான் கெட்டது.”

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. அங்கே மூக்குக்குப் பயிற்சி கொடுத்தார்கள், ஒரு சின்னக் குவளையை ரசிக்க. இங்கே என் அம்மா அதே மூக்கை வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறார்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அம்மாவே கேட்டார். “அந்தப் பக்கம் போனா கொஞ்சம் கள்ளு வாங்கிட்டு வாயேன். ஆப்பத்துக்கு.” பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சொல்லை அந்தச் சமையலறையில் நான் கேட்டதில்லை. பாலம் தாண்டி, செபராங் பிறையில் உரிமம் பெற்ற ஒரு கடையில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். குளிரில் புளிப்பு மெதுவாகத்தான் ஏறும் என்ற என்ஜினியர் புத்தி.

அம்மா போத்தலைத் திறந்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். அம்மா கள்ளை வாயில் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

“காலையில இறக்கினதுதான். இன்னும் இனிப்பு இருக்கு” என்றார்.

என் மகளுக்கு ஐந்து வயது. அவளும் மூக்கை நீட்டினாள். “புளிப்பு வாசம் பாட்டி!”

“இல்லடி செல்லம். இப்பதான் புளிக்க ஆரம்பிச்சிருக்கு. அதுதான் மாவுக்கு நல்லது.”

அரை கோப்பையை மாவில் ஊற்றிக் கையால் கலக்கினார். மீதியை சிங்க்கில் கவிழ்த்தார். நான் தடுக்கவில்லை. போத்தலைக் கழுவி வெளியே வைத்தேன்.

மறுநாள் காலை ஆப்பம் ஓரத்தில் மொறுமொறுவென்றும் நடுவில் பஞ்சு மாதிரியும் வந்தது. என் மகள் மூன்று சாப்பிட்டாள். அம்மா முதல் ஆப்பத்தை எடுத்து, அப்பா படத்துக்குக் கீழே ஒரு தட்டில் வைத்தார்.