தூக்கக் கணக்கு

ஒரு நாளைக்கு 24 மணி நேரம் போதவில்லையே என்று நீங்கள் எப்போதாவது நினைத்ததுண்டா? நான் தினமும் நினைக்கிறவன். விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் கணக்கு எழுதுவது என் உத்தியோகம். மண்டிக்குப் பத்து மணி நேரம், தூக்கத்துக்கு ஏழு, சாப்பாடு, குளியல், கடை கண்ணி, பிள்ளைகள் என்று கழித்துக்கொண்டே வந்தால், பைண்டு செய்து பெட்டியில் வைத்திருக்கும் பழைய தொடர்கதைகளைப் புரட்ட அரை மணி கூட மிஞ்சுவதில்லை. இந்தப் பட்டியலில் ஏழு என்ற இலக்கத்தின் மேல் என் கண் விழுந்தது.

இந்த யோசனைக்கு முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவில் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்று ஒரு கட்டடக் கலை நிபுணர். ஆறு மணிக்கு ஒரு தரம் அரை மணி வீதம், நாளுக்கு இரண்டே மணி நேரம் தூங்கி இரண்டு வருஷம் ஓட்டியதாக அவர் சொன்னதை 1943-ல் 'டைம்' பத்திரிகை வெளியிட்டது. அப்புறம் ஏன் விட்டாராம்? தொழில் கூட்டாளிகள் மற்ற மனிதர்களைப் போலவே தூங்கித் தொலைத்தார்களாம்! 1938-ல் கிளீட்மன் என்ற விஞ்ஞானி தம் சிஷ்யர் ஒருவரோடு கெண்டக்கி மாகாணத்து மாமத் குகைக்குள் 32 நாள் தங்கி, ஒரு நாளை 28 மணியாக நீட்டிப் பார்த்தார். சிஷ்யரின் உடம்பு இணங்கியது. குருவின் உடம்பு 24 மணிக்கே பிடிவாதம் பிடித்தது.

நான் குகைக்கெல்லாம் போகவில்லை. ராத்திரி மூன்று மணி நேரம், பகலில் இருபது இருபது நிமிஷமாக மூன்று தடவை. ஆக நாலு மணி. மிச்சம் நாளுக்கு மூன்று. வருஷத்துக்கு 1,095 மணி, அதாவது 45 நாளுக்கும் மேல்! எங்கள் முதலாளி கூட இப்படி ஒரு லாபம் பார்த்திருக்க மாட்டார். ஒரு வாரம் பரீட்சித்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நோட்டில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் கோடு போட்டேன்.

இரண்டு நாள் வரவு ஜோர். மூன்றாம் நாள் செலவுப் பக்கம் நிரம்பலாயிற்று. டீ, எட்டு. ஒரே பக்கத்தைத் திரும்பப் படித்தது, நாலு தடவை. நித்திரை சுகம் அறியாது என்பது வாஸ்தவம். மத்தியானம் மண்டியில் மல்லி மூட்டை பட்டு மெத்தையாக இருந்தது. "இப்போதெல்லாம் உங்களிடம் கேட்டால் பதில் மறுநாள்தான் வருகிறது" என்றாள் என் மனைவி. அதையும் எழுதிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, ராத்திரி ரெண்டு மணிக்கு லைட்டு எரியுதே, யாருக்காச்சும் சுகமில்லையா?" விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், சிரிக்கவில்லை.

அவர் சிவகாசிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். 1984-ல் அவருக்கு ஒன்பது வயது.

"மூணரைக்குக் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும், அண்ணாச்சி. எங்க அம்மா என்னை எழுப்ப மாட்டாங்க. தோளில போட்டுத் தூக்கிட்டு வந்து, தூங்குறவளை அப்படியே சீட்டில விட்டுருவாங்க. தீப்பெட்டி ஆபீஸில நாள் பூராக் குச்சி அடுக்கணும், எண்ணிக்கைக்குத்தான் கூலி. திரும்ப ராத்திரி ஏழு, எட்டு ஆயிரும். அப்பவும் தூங்கிட்டேதான் வருவேன். ஞாயித்துக்கிழமைதான் எங்க அம்மா என் முழிச்ச மூஞ்சியைப் பார்ப்பாங்க."

இது அவர் ஒருவர் கதையல்ல. விடியற்காலை மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே பஸ்கள் கிராமம் கிராமமாகக் குழந்தைகளை ஏற்றிப் போனதை 1980-களில் ஆராய்ச்சியாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களைத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் வைக்கக் கூடாது என்று 1986-ல் சட்டம் வந்தது.

வனவாசத்தில் லக்ஷ்மணன் பதினாலு வருஷம் கண்மூடவில்லை. அவன் பங்குத் தூக்கத்தையும் சேர்த்து அயோத்தியில் ஊர்மிளை தூங்கினாள் என்று ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. கதை கட்டியவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது. தூக்கத்தில் தள்ளுபடி கிடையாது. யாராவது கட்டித்தான் ஆக வேண்டும். ஊரார் வீட்டு அடுப்பு எரிய, எங்கள் சீமையில் குழந்தைகள் கட்டினார்கள்.

கண் சொக்கினால் என் பேரேட்டில் ஓர் இலக்கம் பிசகும், அடித்துத் திருத்தலாம். இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், வெயில் ஏறுமுன் வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவருடையதைப் போலத் தடுமாறும் என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். உராய்வு பட்டாலே தீப்பிடிக்கும் மருந்தில் அடித்துத் திருத்த இடமேது?

ஏழாம் நாள் நோட்டைக் கூட்டிக் கழித்துக் கணக்கை முடித்தேன். இப்போது ஒன்பதுக்குப் படுத்து நாலுக்கு எழுந்திருக்கிறேன். அதே ஏழு மணி நேரம்தான். ஆனால் நாலிலிருந்து ஐந்தரை வரை என்னைக் கூப்பிட ஆளில்லை, தொடர்கதை நகர்கிறது. டெலிவிஷன்தான் ராத்திரியில் என் முகத்தைப் பார்க்காமல் ஏங்குகிறது.

அந்த அம்மாளுக்கு ஒரு பேத்தி. அவளுக்கும் ஒன்பது வயது. பள்ளிக்கூட வேன் எட்டு மணிக்கு வரும். ஏழு மணி வரை அந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை.