பத்தியமும் பட்டினியும்

காமாலை என்ற சொல் காதில் விழுந்ததும் உப்பையும் எண்ணெயையும் பருப்பையும் ஒருசேர விலக்கிவிடுவது நம் கோலார் தங்கவயல் இல்லங்களின் வழக்கம். வடார்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த முன்னோர் மூட்டையோடு கொண்டுவந்த வழக்கம் அது. தானே தணியும் காமாலையில் அது பெருங்கேடு செய்யாமல் போயிருக்கலாம். கல்லீரல் இறுகிச் சுருங்கும் சிரோசிஸ் நோயிலோ அப்பத்தியமே பகையாகும். இதை நம் தமையனார் உடல் உருகியபின்னரே அறிந்தோம்.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உழைத்தவர் அவர். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் குடி மிகுந்தது. (முன்பே குடித்தவர்தாமே என்பார் உண்டு, மறுக்க நம்மால் இயலாது.) நோய் தெரிந்த அன்றே குடியை விட்டார். நாமோ அவருக்குக் கஞ்சியொன்றையே விட்டுவைத்தோம். சில திங்களில் தோளெலும்பு துருத்திற்று. நீர் கோத்த வயிறு மட்டும் பருத்தது. அதைக் கண்டு, "உடம்பு தேறிவிட்டாரே!" என்று மகிழ்ந்த அண்டை வீட்டாரும் உண்டு.

பெங்களூரு மருத்துவமனையொன்றில் உணவியல் அம்மையார் முதலில் கேட்டது, "இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்? காலையில் எப்போது?" என்பதே. இரவு ஏழு, காலை ஒன்பது என்றோம். "பதினான்கு மணி நேரமா!" என்று திகைத்தார்.

நல்ல கல்லீரல் பகலில் சேமித்த சர்க்கரையை இரவெல்லாம் சிறுகச் சிறுக உடலுக்கு அளக்கும். இறுகிய கல்லீரலில் அச்சேமிப்பு இல்லை. ஆகவே உடல் தன் தசையையே கரைத்து எரிக்கிறது. இந்நோயாளியின் ஓரிரவுப் பட்டினி, நலமுடையவரின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்கு ஒப்பாகுமாம். படுக்குமுன் கொடுக்கும் சிற்றுணவு தசையைக் கூட்டுவதை நியூசிலாந்தின் ஆக்லாந்து ஆய்வொன்று 2008இல் காட்டியது. புரதம் மூளையை மயக்கும் என்னும் பழைய அச்சத்தையும் 2004இல் வெளிவந்த பார்சிலோனா ஆய்வு தளர்த்திவிட்டது. எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்றார். நீர்க்கோவையை நீக்கி மதிப்பிட்ட எடை 50 கிலோ. அதற்கு 60 கிராமுக்குக் குறையலாகாது.

கேழ்வரகுக் களி, கெட்டிப் பருப்பில் கடைந்த கீரை, தயிர், முட்டை எல்லாம் வீடு திரும்பின. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் திரும்பவில்லை. நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்புத்தான். எலுமிச்சையும் கொத்துமல்லியும் குறையை ஓரளவு ஈடுசெய்தன. பக்கத்தில் இருந்த நீரிழிவு நோயாளிக்கு அம்மையார் எழுதித் தந்ததோ முற்றிலும் வேறொரு பட்டியல்.

அண்ணிக்கு மனம் ஆறவில்லை. "நானே அவரைப் பட்டினி போட்டுவிட்டேனே, தம்பி" என்று அழுதார். பத்தியத்தை வற்புறுத்தியவர்கள் நாமன்றோ! அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

கல்லீரல் பழைய நிலைக்கு வரவில்லை; வருமென்று எவரும் சொல்லவுமில்லை. ஆயினும் ராபர்ட்சன்பேட்டைச் சந்தைக்கு நடந்துபோய் வருகிறார். இரவு பத்து மணிக்குச் சத்துமாவுக் கஞ்சியும் ஒரு தோசையும். தட்டில் வைத்தால் உண்ணமாட்டார்; இரவு ஷிப்டுக்குக் கொண்டுபோன பழைய டிபன் கேரியரில்தான் வைக்கவேண்டும்.