மலைகளின் மீது

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10 மணிக்குப் புறப்படும் மலை ரயிலில் ஆறு இருக்கைகளை நெடுநாள் முன்பே பதிவு செய்திருந்தோம். எழுபது வயதைக் கடந்த அம்மாவின் ஆசை அது. திருமணமான புதிதில் அத்தாவுடன் அந்த ரயிலில் ஒருமுறை சென்றவர். சுரங்கப்பாதைக்குள் நுழையும்போதெல்லாம் பெட்டியே கூச்சலிட்டதை இன்றும் சொல்லிச் சிரிப்பார். அத்தா மறைந்த பிறகு ஆண்டுதோறும் 'அடுத்த வருடம், இன்ஷா அல்லாஹ்' என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். இம்முறை ஐப்பசியில், தீபாவளியையொட்டி வந்த தொடர் விடுமுறையில்தான் வேளை வாய்த்தது. வடகிழக்குப் பருவமழையின் மாதம் என்பது தெரியாமலில்லை. பள்ளியும் அலுவலகமும் ஒருசேர விடுமுறை விடும் நாள்கள் வேறு இல்லை.

திருப்பூரிலிருந்து நள்ளிரவு கடந்து புறப்பட்டு, மேட்டுப்பாளையத்தில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு நிலையத்துக்குச் சென்றோம். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் இந்தப் பாதை திறக்கப்பட்டது, மொத்தம் 46 கிலோமீட்டர், 16 சுரங்கங்கள் என்று மூத்த மகன் வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டு வந்தான். நிலையத்தில் ஒலிபெருக்கி வேறு செய்தி சொன்னது. இரவு பெய்த மழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தில் பாறைகளும் மண்ணும் சரிந்துவிட்டன, ரயில் ரத்து.

"கல் விழுந்த நேரத்தில் நாம் அங்கே இல்லை. அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அம்மா. எங்களுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அந்த ஒரு வாரத்தில் நூறு முறை இன்ஷா அல்லாஹ் என்று சொல்லியிருப்போம். ஆயினும் அவன் நாடாமல் போகக்கூடும் என்பதற்கு எங்கள் திட்டத்தில் ஒரு மணி நேரத்தைக்கூட ஒதுக்கியிருக்கவில்லை.

பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வாடகை வண்டி ஒன்று கிடைத்தது. நீலகிரிப் பதிவெண் கொண்ட வண்டி. ஓட்டுநர் குன்னூர்ப் பக்கத்துக்காரர். பர்லியாறு தாண்டியதும் சாலையின் குறுக்கே மரம் விழுந்திருந்தது. முன்னும் பின்னும் வண்டிகள். மூடுபனியில் எதுவும் தெரியவில்லை. பிள்ளைகள் தின்பண்டங்களைத் தின்று தீர்த்தார்கள். நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்தோம். மரத்தை அறுத்து அகற்றி வண்டிகள் மெல்ல நகரத் தொடங்கியபோது நண்பகல் கடந்திருந்தது.

லுஹருக்கு எங்கேனும் நிறுத்தச் சொன்னார் அம்மா. நாங்கள் பயணத்தில் லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுவது வழக்கம். அம்மா ஹனஃபி முறையில் வளர்ந்தவர். சுருக்குவார், சேர்க்கமாட்டார், ஒவ்வொரு தொழுகையும் அதனதன் நேரத்தில் நடக்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருநாளும் சச்சரவு எழுந்ததில்லை. அன்று எழுந்தது. "மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நீங்கள்தான் அதைக் கடினமாக்குகிறீர்கள். இப்படியே நின்று நின்று போனால் எதையும் பார்க்க முடியாது" என்று சொல்லிவிட்டோம். அம்மா பதில் பேசாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யாருடைய ஆசைக்காகப் புறப்பட்டோமோ அவரையே வாயடைக்கச் செய்திருந்தோம். அது உறைக்கச் சற்று நேரமாயிற்று.

ஓட்டுநர் எதுவும் கேட்கவில்லை. காட்டேரிக்கு முன்பாக, தேயிலைச் சரிவுக்கு நடுவே செல்லும் ஒரு கிளைச் சாலையில் வண்டியைத் திருப்பினார். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் அங்கே வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்று அவருக்கு அக்கா முறையானவரின் வீடு.

அந்த அம்மையார் தாமாகவே வெந்நீர் வைத்தார். முன்னறையில் முருகன் படம் இருந்ததால், "உள்ளே சுவர் வெறுமையாக இருக்கிறது, அங்கே தொழுங்கள்" என்று பின்னறையில் துவைத்த போர்வையொன்றை விரித்தார். அவருடைய பெற்றோர், 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள்; தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள். அங்கே கொழுந்து பறித்த கைகள் இங்கும் கொழுந்துதான் பறித்தன.

மழை வலுத்தது. தகரக் கூரையில் விழும் ஓசையைக் கேட்டதும், மதரஸாவில் கற்ற துஆவை எங்கள் கடைக்குட்டி உரக்க ஓதத் தொடங்கினாள். "பாப்பா என்ன சொல்லுது?" என்று கேட்டார் அந்த அம்மையார்.

பெருமையுடன் விளக்கினோம். மதீனாவில் ஒரு வெள்ளிக்கிழமை நபி (ஸல்) அவர்கள் உரையாற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து வறட்சியை முறையிட்டார். அவர்கள் கையேந்தினார்கள். மழை அடுத்த வெள்ளிவரை ஓயவில்லை. வீடுகள் இடிகின்றன என்று மீண்டும் முறையீடு வந்தபோது அவர்கள் கேட்ட துஆ இது. அனஸ் (ரலி) அறிவித்து புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. மழை எங்கள் மீது வேண்டாம், எங்களைச் சுற்றிலும் பெய்யட்டும், குன்றுகளின் மீதும்...

அந்தச் சொல்லில் வாய் நின்றுவிட்டது. நாங்கள் அமர்ந்திருந்தது குன்றின் மீது.

அவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னறைச் சன்னலுக்கு வெளியே, வீட்டைவிட உயரமாக, வெட்டிய செம்மண் சரிவைக் காட்டினார். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டமெங்கும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த நாள்களில் இங்கும் ஒரு பகுதி பெயர்ந்து வந்து, வீட்டுக்கு மூன்று முழம் முன்னதாக நின்றதாம். அன்றிலிருந்து பெருமழை இரவுகளில் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருப்பதாகச் சொன்னார். சோலைக்காடும் புல்வெளியும் இருந்த சரிவுகளைத் தேயிலைக்காகவும் சாலைக்காகவும் விடுதிக்காகவும் வெட்டியபின் மண்ணைப் பிடித்துக்கொள்ள வேருக்கு வலுவேது? அப்படி எழுந்த விடுதியொன்றில்தான் நாங்களும் அறை பதிந்திருந்தோம்.

அம்மா அப்போதும் தொழுகை விரிப்பிலேயே இருந்தார். கிப்லாவின் பக்கமாகவே அந்தச் சரிவு இருந்தது. நெடுநேரம் கையேந்தியிருந்துவிட்டு எங்களிடம் திரும்பி, "பிள்ளை முழுவதும் ஓதவில்லையே. பள்ளத்தாக்குகளிலும் மரங்கள் முளைக்கும் இடங்களிலும் என்றும் அதில் வருமே" என்றார். பிறகு அந்த அம்மையாரிடம், "வீடு இடிகிறது என்று வந்தவருக்காகக் கேட்ட துஆ அம்மா அது. உங்களுக்கும் சேர்த்தே கேட்டேன்" என்றார்.

கருப்பட்டி போட்ட கட்டன் தேநீர் வந்தது. பணம் கொடுக்க முயன்றோம், வாங்கவில்லை. பிள்ளைகள் தங்களிடம் எஞ்சியிருந்த ஒரே பொட்டலம் முறுக்கைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டது வண்டியில் ஏறிய பிறகுதான். "பசியில் பேசினீர்கள்" என்றதோடு முடித்துக்கொண்டார். அஸரையும் அதன் நேரத்தில், வழியில் ஒரு பள்ளிவாசலில், எல்லோரும் அவருடனேயே தொழுதோம்.

குன்னூரில் ஓர் இரவு தங்கி, ஊட்டியைப் பார்க்காமலேயே மறுநாள் இறங்கினோம். ரயில் கட்டணம் சில நாள்களில் திரும்ப வந்தது. மலை ரயிலில் அம்மாவை ஏற்றும் கடன் இன்னும் எங்கள் மீதிருக்கிறது. கோடை விடுமுறைக்கென்று பேசி வைத்திருக்கிறோம்.

அந்த ஓட்டுநரின் எண்ணைத் தம் கைப்பேசியில் பதியச் சொல்லி வாங்கிக்கொண்டார் அம்மா. கார்த்திகை பிறந்தும் திருப்பூரில் மழை விடவில்லை. இரவில் கூரையோரம் தண்ணீர் கொட்டும் ஓசை கேட்டால், இஷா தொழுதுவிட்டு அவரை அழைக்கிறார். நலம் விசாரிப்பு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பிறகுதான். "தம்பி, அக்கா வீட்டுப் பின்னால் மண் அப்படியே இருக்கிறதா?" என்பதே முதல் கேள்வி.