ஒரு மணித்தியாலம் போக மீதி

மார்ச் 20, 2020, வெள்ளி

கொரோனாவுக்காக மாலை ஆறு மணியிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. டிக்கோயாவில் உள்ள அந்தப் பெண்பிள்ளைகள் இல்லத்தின் உளவளத்துணையாளர் இன்று முறை மாறி பொகவந்தலாவையில் அம்மாவிடம் போயிருக்க வேண்டியவர். மாற்றுக்கு வரவேண்டியவருக்கு பஸ் இல்லை. "உள்ளுக்கு இருக்கிறவங்க உள்ளுக்கே இருங்க" என்றார் மேட்ரன். இரவு, யாரோ பாதியில் விட்ட கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் உளவளத்துணையாளர் எழுத உட்கார்ந்தார். அலுவலகத்துக்கு அனுப்பும் அறிக்கையில் இதெல்லாம் வராது.

மார்ச் 21

மழை இல்லை. சண்டை இல்லை. பருப்பு இருக்கிறது.

மார்ச் 24

நேற்று ஊரடங்கு கொஞ்ச நேரம் தளர்ந்தது. சமையல்கார அக்கா ஹட்டனில் வரிசையில் நின்று மாவும் சீனியும் கொண்டுவந்தார்.

சாதாரண வாரத்தில் பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம் என்று உளவளத்துணையாளருக்குக் கணக்கு. ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு பெட்டி கலர் பென்சில். பள்ளிக்கூடம் பூட்டி இன்றோடு பன்னிரண்டாம் நாள். அந்த மணித்தியாலத்துக்கு இப்போது அர்த்தமே இல்லை. டிப்ளோமா வகுப்பில் ஒரு அமெரிக்கப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னார்கள். 1969இல் வந்தது, பெயரே 'மற்ற 23 மணித்தியாலம்'. இல்லத்துப் பிள்ளையைக் குணப்படுத்துவது சிகிச்சை அறை அல்ல. எழுப்புவது, சாப்பாடு போடுவது, படுக்க வைப்பது, இவைதான் என்பது அதன் வாதம். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது. இன்று காலை ஒரே கண்ணாடிக்கு முன்னால் ஆறு பேர் தலைசீவச் சண்டை போட்டபோது ஞாபகம் வந்தது.

இல்லம் என்றால் அநாதைகள் என்று வெளியே நினைக்கிறார்கள். இங்கே அநேகமாக எல்லோருக்கும் தாயோ தகப்பனோ இருக்கிறார். ஒருத்தியின் அம்மா கொழும்பில் வீட்டு வேலையில். இன்னொருத்தியை நன்னடத்தை அதிகாரி நீதிமன்றக் கட்டளையோடு கூட்டி வந்தார். யாரும் இல்லாத பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது ஒரு கிழமை, அவ்வளவுதான். இருக்கிற பிள்ளைதான் கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். இனி யாரும் வரமாட்டார்கள் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 2

போனைக் காணவில்லை. இல்லத்துப் போன் அல்ல, அவருடைய சொந்தப் போன். காலை முழுக்கத் தேடல். மேட்ரன் பைகளைச் சோதிக்கச் சொன்னார், அவர் மறுத்தார். மத்தியானம் விறகுக் கட்டுக்குப் பின்னால், துவாயில் சுற்றியபடி, சார்ஜ் இறங்கிக் கிடந்தது.

எடுத்தவள் பன்னிரண்டு வயதுக்காரி. ஒளிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில், குண்டுவீச்சுக்குப் பயந்து ஊர்விட்டு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் விடுதிகளை ஒக்ஸ்போர்ட்ஷயரில் கவனித்தவர் வினிகொட் என்ற வைத்தியர். திருடும் பிள்ளை பொருளைத் தேடவில்லை, தனக்கு உரிமையான தாயைத் தேடுகிறது, ஆகவே திருட்டில் ஒரு நம்பிக்கை இருக்கிறது என்று 1956இல் எழுதினார். உளவளத்துணையாளர் இந்தக் கோட்பாட்டோடு தயாராகத்தான் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா ஒன்றரை மணிக்குத்தான் எடுப்பாங்க மிஸ். நீங்க ஒம்பது மணிக்கே ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிருறீங்க."

அவளுடைய அம்மா இருக்கும் குவைத்தில் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே எஜமான் வீட்டில் பாத்திரம் கழுவி முடிய இரவு பதினொன்று. அப்போது டிக்கோயாவில் ஒன்றரை. இமோ செயலியில் தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. பிள்ளை சொன்னது நேரக் கணக்கு மட்டும்தான்.

இந்தப் பிள்ளை இங்கே வந்ததும் ஒரு காகிதத்தால்தான். 2013இலிருந்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது. அதற்கு மேல் என்றால், பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதாகக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும். அறிக்கையில் பாட்டியின் பெயர் இருந்தது. பாட்டி போன வருடம் செத்துப்போனாள். அறிக்கை செல்லுபடியாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 3

இனிப் போன் இரவில் திறந்திருக்கும். கோல் வந்தால் எழுப்புவதாகச் சொல்லியாயிற்று. மேட்ரனுக்குப் பிடிக்கவில்லை. "ஒருத்திக்குச் செஞ்சா எல்லாத்துக்கும் செய்யணும்."

ஏப்ரல் 9

மேட்ரன் சொன்னது சரி. இரவு ஒரு தடவை மணி அடித்ததில் மண்டபமே விழித்துவிட்டது. காலையில் பதினாலு வயதுக்காரி ரொட்டித் தட்டைச் சுவரில் அடித்தாள். பீங்கான். உள்ளங்கை கிழிந்தது. அவளுக்கு யாரும் கோல் எடுப்பதில்லை.

ஆட்டோவில் கிளங்கன் ஆஸ்பத்திரிக்கு. இந்திய உதவியில் 150 கட்டிலோடு கட்டி, 2017 மே 12இல் மோடி திறந்துவைத்தது. "அன்னைக்குக் கொடி புடிச்சுக்கிட்டு ரோட்டுல நின்னேன் மிஸ். கை வலிச்சது." இத்தனை நாளில் அவளே தொடங்கிய முதல் பேச்சு. தையல் போடும்போது தோட்டத்தைப் பற்றி, தம்பியைப் பற்றி, தம்பி யார் வீட்டில் இருக்கிறான் என்று தெரியாததைப் பற்றிச் சொன்னாள். 1946இல் டெட்ராயிட்டில் முரட்டுப் பையன்களுக்காக ஒரு இல்லம் நடத்திய ஃபிரிட்ஸ் ரெடல், பிரச்சினை வெடித்த இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள் பேசு என்பார். அந்த அறைக்குள் வைத்து வாரக்கணக்கில் கேட்டும் வராத தம்பி, ஆட்டோவில் வந்தான்.

திரும்பும்போது கொழுந்து மலையில் பெண்கள் நிரையில் நின்றார்கள். ஊரடங்கிலும் தோட்டத்துக்கு வேலை உண்டு. மார்ச் முதலாம் திகதியிலிருந்து 1000 ரூபாய் என்றார்கள். கையில் வருவது பழைய 700தான். உளவளத்துணையாளரின் அம்மாவும் இந்நேரம் மலையில்தான் நிற்பார். பின்னேரம் எடுத்தார். "சாப்பிட்டியா?" கேள்வி முடியுமுன்பே ஆம் என்று சொல்லி வைத்தாயிற்று.

ஏப்ரல் 14

சித்திரைப் பிறப்பு. பால் பொங்கியது. பட்டாசு கேட்டு யாரும் வரவில்லை.

ஏப்ரல் 23

விசா இல்லாதவர்களுக்குக் குவைத்தில் இந்த மாதம் பொதுமன்னிப்பு. எஜமான் வீட்டை விட்டு வெளியேறியிருந்த அந்தத் தாய் பெயர் கொடுத்துவிட்டாராம். முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள். "சீக்கிரம் வந்துருவேன்" என்றார், ஸ்பீக்கரில். பிள்ளை எந்தக் கிழமை என்று கேட்டது. அதற்குள் லைன் போய்விட்டது.

1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு வரும் முறைப்பாடுகளில் சிறுவர் கொடுமை 10 வீதத்திலிருந்து 40 வீதமாக ஏறியிருக்கிறதாம். செய்தியைக் கேட்டதும் மேட்ரன் வானொலியை அணைத்தார். இங்கிருக்கிற பிள்ளைகளாவது அடிபடாமல் இருக்கிறார்கள் என்று உளவளத்துணையாளர் நினைத்தார். உடனே அந்த நினைப்பு பிடிக்கவில்லை.

மே 6

கோல் இல்லை. ஒன்றரை மணிக்கு அவருக்குத் தானாக விழிப்பு வருகிறது. வெளியே அட்டைக் காலத்தைத் தொடங்கிவிட்ட மழை. அம்மாவுக்கு எடுத்துப் பார்க்கலாமா என்று போனைக் கையில் வைத்திருந்தார். ஐந்து மணிக்குத் தோட்ட வேலைப் பெரட்டுக்கு எழும்ப வேண்டிய மனுசியை இந்த நேரத்தில் என்னவென்று எழுப்புவது?

மே 19

குவைத்திலிருந்து விமானம் வந்தது. பிள்ளை சட்டையை மடித்து வைத்துக்கொண்டது.

மே 25

வந்தவர்களில் பலருக்குத் தொற்று. திருகோணமலை முகாமில் இருந்த ஒரு பெண் மரணம், நாட்டின் பத்தாவது கொரோனா மரணம். தொலைக்காட்சியை அணைக்க அவர் எழும்பும் முன்பே எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"எத்தனை வயசு மிஸ்?"

"ஐம்பத்தொன்று."

"அம்மாவுக்கு முப்பத்தி நாலு." விரலில் கழித்துப் பார்த்துவிட்டு விளையாடப் போனாள். அவர்தான் கைநடுக்கத்தோடு அலுவலகங்களுக்கு எடுத்தார். அந்த விமானத்தில் அந்தப் பெயர் இல்லை என்று மாலையில் பதில் வந்தது. சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

மே 31

தோட்டத் தொழிலாளர் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் 26ஆம் திகதி காலமானார். இன்று நோர்வூட் மைதானத்தில் தகனம். மறுபடி ஊரடங்கு. கட்சிப் பாட்டு ஒலிபெருக்கியில் எங்கிருந்தோ கேட்டது. சமையல்கார அக்கா அழுதார். தட்டு உடைத்தவள் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், யாரும் சொல்லவில்லை.

ஜூன் 9

மாற்று ஆள் நாளை வருகிறார். உளவளத்துணையாளர் பை கட்டினார். பன்னிரண்டு வயதுக்காரி வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்: "போனையும் கொண்டு போறீங்களா?"

ஜூன் 10

போகவில்லை. பிள்ளைகளுக்கென்று ஒரு போன் வாங்க மேட்ரன் சம்மதித்துவிட்டார். புது இலக்கத்தைக் குவைத்துக்கு அனுப்பியாயிற்று. பார்த்த அடையாளம் இல்லை. இரவில் அந்தப் போன் யார் தலைமாட்டில் இருப்பது, யாருக்கு எத்தனை நிமிஷம், கோலே வராதவர்களுக்கு என்ன என்பதில் இன்று ஒரு மணித்தியாலம் வாக்குவாதம். வெள்ளிக்கிழமை நன்னடத்தை அதிகாரி வரும்போது பேசுவதாக ஒத்திவைத்தார்கள். பொகவந்தலாவைக்கு எடுத்து, சனிக்கிழமை வருவேன் என்று சொன்னார். எந்தச் சனிக்கிழமை என்று அம்மா கேட்டார்.