கராத்தேக்காரர் வளர்த்த காடு

குரோஹிமே ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படுவது மலைதான். 2,053 மீட்டர் உயரம், பழைய எரிமலை. ஜப்பானின் நகானோ மாகாணத்தில், குளிர்காலம் முழுக்கப் பனி கொட்டும் ஷினானோ என்ற சிற்றூர் இது. ஹைக்கூ கவிஞர் இஸ்ஸா பிறந்த ஊர். தலைமுறைகளாக அரிவாள் அடிக்கும் கொல்லர்களின் ஊர். சற்றுத் தள்ளி தொகாகுஷி, நிஞ்சாக்களின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம். பனி, கரடி, இரும்பு, சண்டைக்கலை எல்லாம் கூடிய இந்த மூலையைத் தேடி எழுத்தாளரும் கராத்தேக்காரருமான சி. டபிள்யூ. நிக்கோல் 1980-இல் குடிவந்ததில் எனக்கு வியப்பில்லை.

நான் பார்க்க வந்தது அவர் வளர்த்த காட்டை. ‘அஃபான் நோ மோரி’, அதாவது அஃபான் காடு. நினைத்தபோது நுழைந்துவிட முடியாது; முன்பே கேட்டுக்கொண்டு வர வேண்டும். காட்டைப் பராமரிக்கும் அறக்கட்டளையின் ஊழியர் ஒருவர் வழிகாட்டினார். ஜப்பானிய மொழி தெரிந்த தோழி உடன் வந்தாள்.

சிறிது தூரம் நடந்ததும் ஊழியர் நின்று, பராமரிப்பில்லாத ஓர் ஓரத்தைக் காட்டினார். இடுப்பளவு சாசா மூங்கில் புதர். அதற்குள் கொடி சுற்றிய ஒல்லி மரங்கள், ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. நண்பகலிலும் தரையில் வெயில் விழவில்லை. “நிக்கோல்-சான் வாங்கியபோது இந்த இடம் முழுக்க இப்படித்தான் இருந்தது. பேய்க்காடு என்பார்கள்” என்றார்.

காடு என்றால் கைவைக்காமல் விட்டால் போதும் என்றே நானும் எண்ணிப் பழகியவள். ஆனால் இது விறகுக்கும் கரிக்கும் ஊரார் காலங்காலமாக வெட்டிப் பயன்படுத்திய காடு. விறகின் தேவை போனதும் கைவிடப்பட்டது. வெளிச்சம் இல்லாமல் பூச்செடிகள் போயின, பூச்சிகள் போயின, பறவைகளும் குறைந்தன. 1980-களின் நடுவில் நிக்கோல் இதைத் துண்டு துண்டாக வாங்கத் தொடங்கினார். எழுதிச் சம்பாதித்த பணம். உள்ளூரில் காடறிந்த மட்சுகி நொபுயோஷியைச் சேர்த்துக்கொண்டு சாசாவை அறுத்தார், கொடிகளை வெட்டினார், நீர் தேங்கிய இடங்களில் வாய்க்கால் எடுத்தார், தேறாத மரங்களைச் சாய்த்தார், புதிய கன்றுகளை நட்டார்.

பத்தடி தள்ளி வந்தால் வேறு உலகம். ஓக் மரங்களும் மேப்பிள்களும் கிளை விரிக்க இடம் கிடைத்து நிற்கின்றன. தரையெல்லாம் வெயில் திட்டுகள். அடுத்த குளிர்காலத்தில் வெட்ட வேண்டிய மரங்களில் நாடா கட்டியிருந்தார்கள். எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு மரத்தைச் சுற்றி மூன்று முறை நடப்போம், மேலே பார்ப்போம், பிறகும் சந்தேகம் இருந்தால் விட்டுவிடுவோம் என்றார்.

அந்தப் பதிலில் எனக்கு டோஜோவின், அதாவது சண்டைக்கலைப் பயிற்சிக்கூடத்தின், வாசனை வந்தது. 1940-இல் வேல்ஸில் பிறந்த நிக்கோல், இளவயதில் ஜூடோ பழகியவர். 17 வயதில் கனடாவின் வடகோடிக்கு வாத்து ஆராய்ச்சிக்குப் போனார். 1962-இல் டோக்கியோ வந்து ஷோட்டோகான் கராத்தே கற்றார். அந்த ஆண்டுகளைப் பற்றி 1975-இல் எழுதிய ‘மூவிங் ஜென்’ நூல், அடிதடியை எதிர்பார்த்துத் திறப்பவரை ஏமாற்றும். முரட்டு இளைஞன் ஒருவன் கட்டா எனும் வரையறுத்த அசைவுத் தொடர் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து, கையை அடக்கப் பழகும் கதை அது. பலம் கூடக்கூட மென்மையும் கூட வேண்டும் என்பதை அவர் மனதார நம்பினார்.

காட்டில் பிழைக்கும் வித்தையையும் அப்படித்தான் எழுதினார். ஆர்க்டிக்கில் இன்யூட் மக்களோடு பழகியவர். எது தின்னலாம், எங்கே ஒதுங்கலாம், எப்போது திரும்பிவிட வேண்டும் என்பதை அவர்களிடம் கற்றவர். கத்தியோடு தனியே இயற்கையை வெல்லும் வீரனின் கதை அவருக்குப் பிடித்ததே இல்லை. 1967 முதல் 1969 வரை எத்தியோப்பியாவின் சிமியன் மலையில் வனக் காவலராக இருந்தபோது, துப்பாக்கி ஏந்தி வேட்டைக்காரர்களை விரட்டியும், கண்ணெதிரே காடு அழிவதை அவரால் தடுக்க முடியவில்லை. ஜப்பானில் முதிர்ந்த காடுகளை அரசே வெட்டுவதைக் கண்டு பொங்கியவர், கத்திக்கொண்டே இருக்காமல் ஒரு துண்டு நிலத்தையாவது மீட்டெடுக்கலாம் என்று இறங்கியதற்கு அந்தத் தோல்வியும் காரணம் என்றே நினைக்கிறேன். வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கங்கள் சிதைத்த அஃபான் பள்ளத்தாக்கு மறுபடி பசுமையானதைப் பார்த்துத்தான் இந்தப் பெயரை வைத்தார்.

அவரது எல்லாக் கருத்தும் எனக்கு உடன்பாடல்ல. பாரம்பரியத் திமிங்கில வேட்டையை அவர் வெளிப்படையாக ஆதரித்தார். வேட்டை ஊரான தைஜியில் தங்கி ஆராய்ந்து ஒரு நாவலும் எழுதினார். அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கரடிகளைக் காக்க வாதாடியவர் என்பதால் அது இன்னும் உறுத்துகிறது.

கரடி இங்கே உண்டு. மார்பில் பிறைக்குறி கொண்ட ஆசியக் கருங்கரடி. பிரிட்டனில் காட்டுக் கரடி அற்றுப்போய் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இங்கே இன்னும் உலவுகிறது என்பதே நிக்கோலுக்குப் பெரும் பேறாக இருந்தது. ஊழியரின் இடுப்பில் சிறு மணி தொங்கியது. நடக்கும்போதெல்லாம் அது ஒலித்தது, கரடி கேட்டு விலகிக்கொள்ளட்டும் என்று.

காட்டை நிக்கோல் 2002-இல் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 1995-லேயே ஜப்பானியக் குடிமகனாகிவிட்டிருந்தார். 2020 ஏப்ரல் 3 அன்று 79 வயதில் புற்றுநோயால் இறந்தார். ஒருகாலத்தில் அவர் சாடிய அதே வனத்துறையோடு பின்னர் ஒப்பந்தம் ஏற்பட்டு, பக்கத்து அரசுக் காட்டையும் இப்போது அறக்கட்டளை சீர்படுத்துகிறது. அங்கே இயந்திரம் மண்ணை நசுக்காதபடி குதிரையைப் பூட்டி மரம் இழுத்திருக்கிறார்கள்.

விடைபெறும் முன் ஊழியர் பேசியது கிழக்குக் கடற்கரையைப் பற்றி. 2011 சுனாமியில் சிதைந்த ஹிகாஷி மட்சுஷிமா நகரத்துப் பிள்ளைகளையும் பெற்றோரையும் அந்தக் கோடையிலேயே நிக்கோல் இந்தக் காட்டுக்கு அழைத்துவந்தார். பிள்ளைகள் மரம் ஏறினார்கள், விறகு மூட்டினார்கள். பிறகு அந்த நகரத்தில் மேட்டு நிலத்தில், காட்டை ஒட்டி மரத்தாலான ஒரு பள்ளி எழ அறக்கட்டளை துணை நின்றது. மியாநோமோரி தொடக்கப் பள்ளி, 2017-இல் திறந்தார்கள். அங்கே காடும் ஒரு வகுப்பறை.