இந்த வாரப் பாடு

கீழ் ஃப்ளாட்காரர் ரொம்ப நல்ல மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்துடன் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

“உங்க வீட்டுக் கதவுக் கீல் ரொம்ப சத்தம் போடுது சார். அரை மணி நேரமா திறந்து திறந்து மூடறீங்க போலிருக்கு. ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்களேன்.”

என் கையில் வயலின் வில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. “ஓ... சங்கீதமா!” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். எண்ணெயையாவது வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அப்போது நான் வயலின் கற்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மூன்று வருடம் என்பது காலண்டர் கணக்கு. தீபாவளி, பொங்கல், ஆடிட்டிங், ஜலதோஷம், கிரிக்கெட் எல்லாம் கழித்துப் பார்த்தால் நாலைந்து மாதம் தேறும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி வெறியோடு தேய்த்ததற்குக் காரணம் என் அத்தை.

அப்பா வாலிபத்தில் வயலின் வாசித்தவர். அத்தை கல்யாணத்தில் கடைசி நேரத்தில் பணம் குறைந்தபோது, வீட்டில் விற்கிற மாதிரி இருந்தது அந்த வயலின் ஒன்றுதான். விற்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் வயலின் வாங்கி வந்த அன்று பெட்டியைத் திறந்து, கம்பியைத் தொடாமல், கட்டையை மட்டும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

அப்பாவின் சதாபிஷேகத்துக்கு நாள் குறித்ததும் அத்தை போன் செய்தாள். “என்னாலதானே அண்ணன் வயலின் போச்சு. அன்னிக்கு நீ வாசிச்சு நான் கேக்கணும்டா. மாட்டேன்னு சொல்லிடாதே.”

எப்படி மாட்டேன் என்பது? சரி என்று சொல்லிவிட்டு காலண்டரைப் பார்த்தேன். ஒன்பது வாரம் இருந்தது.

* * *

நான் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். எந்தப் பிரச்னை வந்தாலும் முதலில் எக்ஸெல் ஷீட் போடுவதுதான் எங்கள் குலவழக்கம். போட்டேன். பாட்டு: ‘எந்தரோ மஹானுபாவுலு’. (சிரிக்காதீர்கள். அத்தைக்குப் பிடிக்கும்.) சாதகம்: தினம் இரண்டு மணி நேரம். வாரத்துக்குப் பதினாலு மணி. ஒன்பது வாரத்துக்கு 126 மணி நேரம். கீழே டோட்டல் போட்டு, கட்டத்துக்குப் பச்சை வர்ணம் அடித்தபோதே பாதி கச்சேரி முடிந்த மாதிரி ஒரு நிறைவு.

திங்கட்கிழமை மேனேஜர் ஆறு மணிக்கு மீட்டிங் போட்டார். சரி, செவ்வாய்க்கிழமை நாலு மணி நேரம் வாசித்துவிடலாம். செவ்வாய் கரண்ட் கட். புதன் ஆறு மணி நேரமாயிற்று. வியாழன் பையனுக்கு ஜுரம். சனிக்கிழமை ராத்திரி என் கணக்கில் பன்னிரண்டு மணி நேரம் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மொத்தத்தையும் பைசல் செய்ய உட்கார்ந்தபோதுதான் எண்ணெய்க் கிண்ணம் வந்தது.

மூன்றாவது வாரக் கடைசியில் வாசிக்க வேண்டியது 42 மணி. வாசித்தது 11. பாக்கி 31. சர்க்கார் டி.ஏ. அரியர்ஸ் மாதிரி ஏறிக்கொண்டே போகிறது, பட்டுவாடா ஆகிற வழிதான் தெரியவில்லை. வயலின் பெட்டியைப் பார்த்தாலே கடன்காரனைப் பார்த்தது போல் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தேன்.

ஆபீஸில் என் பக்கத்து சீட் நண்பனுக்குப் பழவேற்காடு பக்கம் சொந்த ஊர். “சனி, ஞாயிறு எங்க ஊருக்கு வாடா. லைட்ஹவுஸ் குப்பத்துல எங்க சித்தப்பா வீடு இருக்கு. கடல் போடற சத்தத்துல நீ என்ன வாசிச்சாலும் யாருக்கும் கேக்காது” என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான் என்று வைத்துக்கொள்வோம்.

* * *

கும்மிடிப்பூண்டி லோக்கல். மடியில் வயலின். திருவொற்றியூர் தாண்டும்போது ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. மேற்கே மணலி. அந்த மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தவர்தான் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். இங்கிலீஷ் பாண்டில் வயலினைக் கேட்டு, ஒரு ஐரோப்பியரிடம் அதைக் கற்றுக்கொண்டு, நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். அவர் ஷீட் எதுவும் போட்டதாகத் தெரியவில்லை.

பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. 1613-ல் டச்சுக்காரர்கள் ஜெல்டிரியா என்று கோட்டை கட்டிய ஊர். பாலத்தைத் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் வங்கக் கடல். இன்னொரு பக்கம், உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த ஏரி. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்தபடி இதுதான் பெரிசு. நடுவில் மணல் திட்டு, வீடுகள், வலைகள், ஒரு கலங்கரை விளக்கம்.

சாயங்காலம் கரையேற்றியிருந்த ஃபைபர் படகு ஒன்றின் நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தேன். நண்பன் சொன்னது பொய். நன்றாகவே கேட்டது. ஐந்தாறு பையன்கள், இரண்டு நாய்கள், ஒரு பெரியவர் என்று சபை கூடிவிட்டது. ஐந்து நிமிஷத்தில் பையன்களும் நாய்களும் கலைந்தார்கள். பெரியவர் மட்டும் வலையைப் பிரித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து மகள் வீட்டுக்கு வந்தவராம்.

“நீங்க இன்னிக்கு வேலைக்குப் போகலையா பெரியவரே?”

“இன்னிக்கு நம்ம பாடு இல்ல சார்.”

“பாடறதில்லீங்க. நான் வாசிக்கிறவன்” என்றேன்.

பெரியவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் வாய் நிறையச் சிரித்துவிட்டு விளக்கினார்.

ஏரியில் இறாலுக்கு வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே இடத்துக்குப் போனால் மண்டை உடையும். அதனால் பாடு உரிமை உள்ள குப்பங்களில் இடத்தையும் நாளையும் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர் ‘பாடு’. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம். சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் எல்லாம் வரும். எல்லாக் குப்பங்களுக்கும் இந்த உரிமை கிடையாது என்பதால் தகராறும் பஞ்சாயத்தும் உண்டு. ஆனாலும் முறை நிற்கிறது. 1991-ல் ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பு இதைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டது. இலங்கையில் நீர்கொழும்பிலும் இதே மாதிரி உண்டு, அங்கேயும் பெயர் பாடுதான்.

என் அக்கவுண்ட்ஸ் மூளை சும்மா இருக்குமா? கேட்டேன்.

“ஒரு தடவை உடம்பு சரியில்லாம உங்க பாட்டுக்குப் போகலைன்னு வெச்சுக்குங்க. அடுத்த தடவை அதுக்கும் சேர்த்து ரெண்டு மடங்கா புடிச்சிடுவீங்களா?”

“இன்னா சார் பேசறே? போன வாரத்து எறா இந்த வாரம் வரிக்கும் எனக்கோசரம் அங்கியே குந்திக்கினு இருக்குமா? அந்தத் தண்ணியே பூட்டுதே!”

“சரி, போறீங்க. வலை காலியா வந்தா?”

“அது ஏரி பாடு. போறதுதான் என் பாடு.”

சொல்லிவிட்டு வலையை உதற ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் வில் அப்படியே நின்றுவிட்டது.

ராத்திரி கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு விளக்கத்துக்கும் தனி மினுக்கல் கணக்கு உண்டு. அதை எண்ணித்தான் இது எந்த ஊர் என்று மாலுமி தெரிந்துகொள்கிறான். விட்ட மினுக்கலுக்குச் சேர்த்து அடுத்ததை இரண்டு மடங்கு வெளிச்சமாக அது போடுவதில்லை. போட்டால் கப்பல் கவிழும். திண்ணையில் படுத்தபடி செல்போனை எடுத்து அந்த ஷீட்டை அழித்தேன். 31 மணி நேர பாக்கியும் ஒரு விரல் தட்டில் தள்ளுபடி.

* * *

திரும்பி வந்து டீச்சரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பாக்கி இருப்பது ஆறு வாரம். நேரம் இவ்வளவுதான். என்ன வாசிக்கலாம்?

டீச்சர் யோசிக்கவே இல்லை. “மோகன வர்ணம், ‘நின்னுகோரி’. அதுலயும் முக்தாயி ஸ்வரம் வரைக்கும். அதோட நிறுத்திடுங்க.”

பாதி வர்ணம்! சதாபிஷேகத்தில்! அவமானமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தால், சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று நம் பாடத்திட்டமே துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் புரந்தரதாசர் போட்டுக் கொடுத்த பாதை என்பார்கள். ஒரு படி, அப்புறம் அடுத்த படி. நாம்தான் லிஃப்ட் தேடுகிறோம்.

புதுத் திட்டம் எக்ஸெலில் இல்லை. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில். வாரத்துக்கு நாலு பாடு. ஒவ்வொன்றும் இருபத்தைந்து நிமிஷம், காலை ஐந்தேமுக்காலுக்கு, வயலின் குதிரையில் ம்யூட்டை மாட்டி. (கீழ் ஃப்ளாட்காரரும் மனிதர்தானே.) மீதி மூன்று நாள் மேனேஜருக்கும் ஜுரத்துக்கும் கரண்ட் கட்டுக்கும் ஒதுக்கீடு.

‘இந்த வாரம் நன்றாக வாசிக்க வேண்டும்’ என்று எழுதுவதை விட்டேன். அது இலக்கு இல்லை, வேண்டுதல். ‘அனுபல்லவி, இரண்டாவது ஆவர்த்தனம், மெதுவான காலத்தில், தடுக்காமல் தொடர்ந்து ஐந்து தடவை’ என்று எழுதினேன். இதை முடித்தோமா இல்லையா என்று மூன்றாம் மனிதர்கூட டிக் போடலாம். ஞாயிற்றுக்கிழமை செல்போனில் பதிவு செய்து கேட்பது. எங்கே தட்டுகிறதோ, அதுதான் அடுத்த வாரத் தலைப்பு.

ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியல் பேராசிரியரும் சகாக்களும் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-ல் எழுதினார்கள். அதில் சிறந்தவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் தனியாகச் சாதகம் செய்திருந்தார்களாம். மால்கம் கிளாட்வெல் 2008-ல் அதை ஒரு புத்தகத்தில் எழுதப்போய், பத்தாயிரம் மணி என்பது மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வாரம் நூறு நிமிஷம். பத்தாயிரம் மணிக்கு ஆறாயிரம் வாரம். அதாவது 115 வருடம். கொஞ்சம் லேட்டாகும் என்று தெரிந்துவிட்டது.

ஆனால் எரிக்சன் சொன்ன முக்கியமான விஷயம் மணிக்கணக்கு இல்லை. அந்த மாணவர்கள் வந்ததையே திரும்பத் திரும்ப வாசிக்கவில்லை. வராததைக் குறிவைத்து வாசித்தார்கள். ஒரே மூச்சில் உட்காராமல் இடைவேளை விட்டார்கள். மத்தியானம் தூங்கினார்கள். (கடைசியில் சொன்னதை மட்டும் ஆபீஸில் அமல்படுத்தப் பார்த்தேன். மேனேஜர் 1993 ஆராய்ச்சியைப் படித்ததில்லை.)

நம் ஊரில் செம்மங்குடியைவிட வேறு சாட்சி வேண்டாம். சுலபத்தில் பேசிய சாரீரம் இல்லை அவருடையது. உழைத்து உழைத்துப் பணிய வைத்தார். 1947-ல், நாற்பது வயதுக்குள், சங்கீத கலாநிதி.

* * *

நாலாவது வாரம் ஆடிட். ஒரு நாள்கூட வயலினைத் தொடவில்லை. பழைய ஆளாக இருந்தால் அடுத்த வாரம் எட்டு பாடு என்று எழுதி, இரண்டோடு நொண்டி, மறுபடி பெட்டியைப் பார்த்து முகத்தைத் திருப்பியிருப்பேன். நோட்டில் ‘0’ என்று எழுதினேன். கை கொஞ்சம் கூசியது. கீழே வழக்கம்போல ‘4’ என்று அடுத்த வாரத்துக்கு எழுதினேன். அந்தத் தண்ணி பூட்டுது.

என்னைக் கேட்டால், இந்த ஆறு வாரத்தில் நான் கற்றுக்கொண்ட சங்கீதமே அந்த சைபரை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனதுதான்.

சதாபிஷேகத்தன்று சாப்பாட்டுக்கு முன்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன். அத்தை முதல் வரிசையில். அப்பா காதில் மெஷினைச் சரி செய்துகொண்டு பக்கத்தில். பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம், மறுபடி பல்லவி. மூன்று நிமிஷமோ நாலோ. ஓர் இடத்தில் வில் வழுக்கியது. நிறுத்தாமல் போய் முடித்தேன். ஜனங்கள் கை தட்டினார்கள். பந்திக்கு நேரமாகியிருந்தது, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அத்தை மூக்கை உறிஞ்சினாள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டி என் வயலினை வாங்கினார். அறுபது வருடத்துக்கு அப்புறம் முதல் தடவையாக விரலைக் கம்பியில் வைத்தார். ஒரு ஸ்வரத்தை மெதுவாக, நடுங்கும் வில்லால் ஒரே ஒரு முறை இழுத்துக் காட்டினார்.

“காந்தாரம் ஒரு இழை கம்மியா நிக்குதுடா. அடுத்த வாரம் அதைப் பாரு.”

நோட்டில் எழுதிக்கொண்டேன்.