ராஜபார்ட் கிரீடத்தில் ஒரு சிவப்புக் கல்

பெரிய வெள்ளியை ஒட்டித் திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் பாஸ்கு நடக்கும். இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் இந்த விழாவில் பிலாத்துவும் ஏரோதுவும் வந்தாக வேண்டும். அவர்கள் வந்தால் கிரீடமும் மார்புப் பதக்கமும் வந்தாக வேண்டும். பங்குனி பிறந்துவிட்டால் சமவெளிக் கிராமங்களின் கோயில் திடல்களில் விடிய விடிய வள்ளி திருமணம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய அந்த நாடகத்தில் முருகனுக்கும் நாரதருக்கும் நகை வேண்டும். பள்ளி ஆண்டு விழாவில் பாண்டிய மன்னனாக வரும் இரண்டாம் வகுப்புப் பையனுக்கும் வேண்டும். தங்கத்துக்கும் ரத்தினத்துக்கும் காசில்லாத இடங்களில்தான் அரசர்கள் அதிகம் தேவைப்படுகிறார்கள்.

வள்ளி திருமணம் போன்ற ஸ்பெஷல் நாடகத்தில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி) என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி வரவழைக்கிறார்கள். உடையும் நகையும் அவரவர் பொறுப்பு. ஆகவே நடிகர் ஒவ்வொருவரிடமும் ஒரு பெட்டி உண்டு. சென்னையில் 2024 பிப்ரவரியில், காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் காமிக் கான் முதன்முதலாக நடந்ததிலிருந்து, காஸ்பிளே என்ற பெயரில் கதாபாத்திர உடை தைக்கும் ஆசை தமிழ்நாட்டுக் கல்லூரிப் பிள்ளைகளிடம் வளர்ந்து வருகிறது. அவர்கள் வெளிநாட்டு வீடியோக்களில் தேடும் விடைகளில் பாதி இந்தப் பெட்டிகளுக்குள் இருக்கிறது.

முதல் விடை, கல்லின் முதுகில் இருக்கிறது. ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய ஒட்டுக்கல்லைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளிப் பூச்சு தெரியும். நகத்தால் அதைச் சுரண்டி எடுத்தால் கல் அந்த இடத்திலேயே செத்துப்போகும். காரணம் எளிது. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. உள்ளே புகுந்த ஒளி அடிப்பட்டைகளில் மோதி மேலேயே திரும்பிவிடுகிறது. சாதாரணக் கண்ணாடிக்கு அந்த எண் சுமார் 1.5தான், ஒளியில் பெரும்பங்கு பின்பக்கமாக வெளியேறிவிடும். அதைத் தடுத்துத் திருப்பி அனுப்பத்தான் அந்தப் பூச்சு.

உலகம் முழுக்க மலிவு நகையின் கதை இந்த ஒளியைப் பிடித்து நிறுத்திய கதைதான். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகைக்காரர் ஸ்ட்ராஸ் ஈயம் கலந்த கண்ணாடியை வைரம்போல் பட்டை தீட்டி அரண்மனை வரை கொண்டுபோனார். கண்ணாடிக்குப் பட்டை போடும் இயந்திரத்துக்கு 1892இல் காப்புரிமை பெற்ற டேனியல் ஸ்வரோவ்ஸ்கி, 1895இல் ஆஸ்திரியாவின் வாட்டன்ஸில் தொழிற்சாலை தொடங்கினார். 1902இல் வெர்னூய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், அலுமினா தூளைக் கொஞ்சம் குரோமியத்தோடு சுடரில் உருக்கி நிஜ மாணிக்கத்தையே செயற்கையாக வளர்க்கும் முறையை அறிவித்தார். அப்படி வளர்த்த கல்லுக்குப் பட்டை தீட்டும் வேலை, திண்டுக்கல்லுக்கு வடகிழக்கே திருச்சி வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது.

கல்லைவிடக் கல்லைப் பதிக்கும் விதம் முக்கியம். ஃபோம் ஷீட்டில் வெட்டிய கிரீடத்துக்குத் தங்க பெயின்ட் அடித்து, அதன்மேல் கல்லை வெறுமனே ஒட்டினால் அது ஸ்டிக்கராகத்தான் தெரியும். கல்லைச் சுற்றி விளிம்பு எழ வேண்டும். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் பரதநாட்டிய நகைகளில் ஒவ்வொரு கெம்புக் கல்லும் தனித்தனிக் குழியில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றிச் சுவர் இருக்கும். புவிசார் குறியீடு பெற்ற நகை அது. தஞ்சாவூர் ஓவியர்கள் மக்கு வைத்து மேடு எழுப்பி, அதற்கு நடுவில்தான் கல்லைப் பதிக்கிறார்கள். மேடும் பள்ளமும் நிழல் தருகின்றன. நிழல் விழுந்தால்தான் தங்கம் கனமாகத் தெரியும். வீட்டில் செய்பவருக்கு ஒரு முழம் தங்க நிறக் கயிறோ மணிச்சரமோ போதும். கல்லைச் சுற்றி அதை ஒட்டினால் பத்து ரூபாய்க் கல்லும் பதக்கத்துக் கல்லாகிவிடும்.

கல்லையே கையால் செய்பவர்களும் உண்டு. எண்ணெய் தடவிய தட்டில் குளூ கன்னால் ஒரு சொட்டு விட்டால், அது தானாகவே குமிழாக உருண்டு நிற்கும். ஆறியதும் சற்றே பால்போல் மங்கலாக இருக்கும். சந்திரகாந்தக் கல்லுக்கு அது பொருத்தம், மாணிக்கத்துக்குச் சரிவராது. மாணிக்கம் வேண்டுமென்றால் ரெசின்தான். அளவு பிசகாமல் இரண்டு திரவத்தையும் கலந்து, குமிழி எழாமல் மெதுவாகக் கிண்டி, அச்சில் ஊற்ற வேண்டும். இறுகிய பிறகு முதுகில் சிவப்பு நகப்பூச்சை மெல்லிசாகத் தடவி, சாக்லேட் சுற்றிவரும் வெள்ளித்தாளை லேசாகக் கசக்கிப் பிரித்து ஒட்டினால் கல்லுக்கு உயிர் வரும். மழமழவென்ற தாள் ஒரே திசையில்தான் ஒளியைத் திருப்பும்; கசங்கிய தாளின் ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு பக்கம் வீசும். திண்டுக்கல்லின் சித்திரை வெயிலில் ரெசின் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் இறுகும். டம்ளரில் நிறையக் கலந்து வைத்தால் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதும், கையுறை போட்டு ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்வதும், சமையல் பாத்திரத்தை அதற்குத் தொடாமல் இருப்பதும் கட்டாயம்.

வெயில் இன்னொரு விதத்திலும் வேலையைக் கெடுக்கும். பூட்டிய காருக்குள் கிரீடத்தை வைத்துவிட்டுப் போனால் குளூ கன் பசை இளகிக் கல் நழுவும். நெற்றி வியர்வை படும் இடத்தில் வெள்ளைப் பசை ஊறிக் கழன்றுவிடும். அங்கெல்லாம் ஓட்டை உள்ள கல்லாகப் பார்த்து வாங்கி, ஊசி நூலால் தைத்துவிடுவதுதான் நல்லது.

அளவு விஷயத்தில் புதியவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள்: சின்னச் சின்னக் கற்களாக நூறு ஒட்டுகிறார்கள். கண்ணாடி முன்னால் நிற்கையில் அது அழகுதான். முப்பதடி தள்ளி மண்ணில் உட்கார்ந்து பார்க்கும் பாட்டிக்கு அது வெறும் மினுமினுப்பு. நெற்றிக்கு நேரே நெல்லிக்காய் அளவில் ஒரே ஒரு சிவப்புக் கல், இருபுறமும் இரண்டு பச்சை, மிச்ச இடமெல்லாம் தங்கம் என்று விட்டால்தான் அவருக்கு ராஜா தெரிவார். வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். டியூப் லைட் போலப் பரவி வரும் ஒளியில் எந்தக் கல்லும் தூங்கும்; ஒற்றைப் புள்ளியிலிருந்து வரும் விளக்கில்தான் பட்டைகள் மின்னும். காமிக் கான் அரங்குகளிலும் கல்யாண மண்டபங்களிலும் பரவிய ஒளியே அதிகம் என்பதால், அங்கே பளபளப்பை நம்பாமல் அழுத்தமான நிறத்தை நம்புவது புத்திசாலித்தனம்.

எடையைப் பற்றிப் பேசினால் குலசேகரன்பட்டினம் தசராவைச் சொல்லாமல் முடியாது. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளியாகவும் அனுமனாகவும் ராஜாவாகவும் வேடம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, கடைசியில் கடற்கரைச் சூரசம்ஹாரத்துக்கு வந்து சேர்கிறார்கள். நாள் முழுக்கத் தலையில் இருக்க வேண்டிய கிரீடம் அது. வடமாவட்டத் தெருக்கூத்தில் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி ஆடிச்சில்லு பதித்ததும் இதே கவலையால்தான். அந்த மரம் அவ்வளவு லேசு.

இவற்றையெல்லாம் கற்றுக்கொள்ள நாடகக்காரர்களையும், வேட உடை வாடகைக்கு விடுபவர்களையும் தேடிப் போக வேண்டும். பங்குனி முதல் ஆடி வரை அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தை, மாசியில் பள்ளி ஆண்டு விழாக்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திடல்கள் நனைந்து நாடகங்கள் குறையும். கழன்ற கல்லை ஒட்டவும் கறுத்த ஜரிகையை மாற்றவும் பெட்டியைப் பிரிக்க அதுதான் தோதான காலம். அப்போது ஒரு டீ வாங்கிக்கொண்டு பக்கத்தில் போய் உட்காரலாம்.